‘டூ’ போட்டால் அர்த்தம் மாறிப் போகும்!



ஓ.எல். எழுதிய தோட்டத்துத் தம்பி ஒருவர், டவுன் கடையில் வேலை கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டு எங்களிடம் வந்தார். அதில், ‘ஐ ஏம் டூ யங் டு வொர்க் இன் யுவர் ஷொப்’ என்று இருந்தது. ‘நான் நல்ல இளந்தாரி, வேலை செய்வேன்’ என்பதுதான் அவர் நினைத்தது. ஆனால் முதலாளி வாசித்தால், ‘உங்கள் கடையில் வேலை செய்ய எனக்கு வயசு பத்தாது’ என்றுதான் விளங்கும். யாராவது வேலை கொடுப்பார்களா?

‘வெரி’ என்றால் ‘மிகவும்’, அவ்வளவுதான். ‘தி டீ இஸ் வெரி ஹொட்’ என்றால் தேத்தண்ணி நல்ல சூடு. ஊதி ஊதிக் குடிக்கலாம். ‘தி டீ இஸ் டூ ஹொட் டு ட்ரிங்க்’ என்றால் குடிக்க முடியாத அளவுக்குச் சூடு. ‘டூ... டு’ என்று வந்தால் ‘முடியாது’ என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ‘நொட்’ போடத் தேவையில்லை.

காரணத்தையும் அதனால் வந்த விளைவையும் சேர்த்துச் சொல்ல ‘சோ... தட்’ உதவும். ‘நடக்க முடியாத அளவுக்கு அவ பலவீனமா இருந்தா’ என்று விளைவை நாம் முன்னுக்குச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் காரணம் முன்னுக்கு, விளைவு பின்னுக்கு: ‘ஷீ வொஸ் சோ வீக் தட் ஷீ குட் நொட் வோக்’.

‘செங்குத்தான ரோடு’ என்று பொருளின் பெயரும் சேர்ந்து வந்தால் ‘சோ’ அல்ல, ‘சச்’: ‘இட் வொஸ் சச் எ ஸ்டீப் ரோட் தட் தி லொறி ஸ்டொப்ட்’.

‘முடியும்’ என்று சொல்ல ‘இனஃப்’ இருக்கிறது. அது குணத்தைச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் வரும். தம்பியின் கடிதத்தை, ‘ஐ ஏம் ஸ்ட்ரோங் இனஃப் டு வொர்க் இன் யுவர் ஷொப்’ என்று திருத்தித்தான் அனுப்பினோம்.

டொக்டரிடம் பேசும்போதும் இது உதவும். ‘வெரி ஹை ஃபீவர்’ என்பதோடு நிறுத்தாமல், ‘ஹிஸ் ஃபீவர் இஸ் சோ ஹை தட் ஹீ கெனொட் ஸ்டாண்ட்’ என்று சொன்னால், பிள்ளைக்கு நிற்கவே முடியவில்லை என்பது அவருக்கு உடனே விளங்கும்.

பிள்ளைகளே, இதை ‘டூ... டு’ வைத்து மாற்றிப் பாருங்கள்: ‘தி பேக் இஸ் சோ ஹெவி தட் ஐ கெனொட் லிஃப்ட் இட்’.

விடை: ‘தி பேக் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்’. கடைசி ‘இட்’ போய்விட்டதைக் கவனித்தீர்களா? பெற்றோரே, வேலை விட்டு வந்ததும் பிள்ளையை இப்படி ஒரு வசனம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நாமும் சேர்ந்து படிப்போம்.