கசிவைத் தடுக்கும் வளையம்

அடைபட்ட நீரின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டறிஞர் பஸ்கால் விளக்கிவிட்டார். ஆயினும், அவ்வுண்மையைக் கொண்டியங்கும் அழுத்தும் பொறிக்கு இலண்டனில் யோசேப்பு பிராமா காப்புரிமை பெற்றது 1795ஆம் ஆண்டிலேதான். அவரை இடர்ப்படுத்தியது பெரியதோர் உறுப்பன்று. உருளைக்கும் அதனுள் ஏறியிறங்கும் தண்டுக்கும் இடைப்பட்ட மயிரிழை போன்ற இடைவெளியே. தளர்வாக அடைத்தால் நீர் பீறிட்டது. இறுக அடைத்தால் தண்டு கீழிறங்க மறுத்தது.

பிராமாவின் பட்டறையிற் பணிசெய்த ஹென்றி மோட்ஸ்லி என்னும் இளைஞரே இதற்கு வழி கண்டார் என்பர். கிண்ணம்போல் வளைத்த தோல் வளையத்தின் வாய், நீர் வரும் பக்கத்தை நோக்கி வைக்கப்பட்டது. அமுக்கம் ஏறும்போது தோலின் விளிம்பு விரிந்து தண்டை இறுகப் பற்றும். அமுக்கம் தணிந்ததும் தானே நெகிழும். தப்பியோட முயலும் நீரையே காவலுக்கு அமர்த்திய இவ்வுபாயம் வியத்தற்குரியது.

இன்று நீருக்குப் பதிலாக எண்ணெயும், தோலுக்குப் பதிலாகச் செயற்கை இறப்பரும் வந்துள்ளன, தத்துவம் மாறவில்லை. ஆகவே, உதடுள்ள வளையத்தைத் திருப்பிப் பூட்டினால் அது புதியதாயினும் பயன்படாது. அளவு ஒத்திருந்தால் மட்டும் போதாது, பொருளும் ஒத்திருத்தல் வேண்டும். இயற்கை இறப்பர் கனிய எண்ணெயில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். பெரும்பாலான மோட்டார் வண்டிகளின் பிறேக்குக்குரிய திரவத்திற்குப் பதிலாக இயந்திர எண்ணெயை ஊற்றுபவர், வளையங்களை மட்டுமன்றி வண்டியில் இருப்போரின் உயிரையும் கேட்டுக்கு உள்ளாக்குகிறார்.

தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் காணப்படுவது இயல்பு; சொட்டுவதே குற்றம். ஆனால் எல்லாக் கசிவும் வெளியே தெரிவதில்லை. உழவு இயந்திரத்தில் உயர்த்தி நிறுத்திய கலப்பை எவரும் தொடாமலே மெல்லத் தாழுமாயின், உள்ளே எண்ணெய் வழிதவறிச் செல்கின்றது என்று கொள்ளலாம். வளையத்தோடு வால்வையும் சோதித்தல் வேண்டும். சூட்டினால் இறுகி வெடித்த வளையம் ஒரு காரணம் கூறும். ஓரிடத்தில் மட்டும் அறுந்த வளையம் தண்டிலுள்ள கீறலைக் காட்டிக்கொடுக்கும். அக்கீறலை நீக்காது வளையத்தை மட்டும் மாற்றுவோர் விரைவில் மீண்டும் கடைக்கு நடக்க நேரும்.

கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் மிகக் கொடியது. மோட்டார் வண்டிச் சில்லிலுள்ள காற்றைப் போல் 100 மடங்கு அமுக்கமுள்ள எண்ணெய், நுண்துளையூடாகப் பாயும்போது ஊசிபோல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் எறும்புக்கடி அளவே; வலியும் முதலிற் சிறிதாயிருக்கலாம். உள்ளே பரவிய எண்ணெயோ தசையை அழித்துவிடும். ஆகையால் விலகி நின்று, தடித்த மட்டைத் துண்டொன்றை நீட்டியே கசிவைத் தேடல் வேண்டும். எதையும் கழற்றுமுன் சுமையை நிலத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, குழாய்களில் எஞ்சிய அமுக்கத்தையும் நீக்கவேண்டும். இவ்வாறு காயமுற்றவர் மறுநாள்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் சென்று, அமுக்கமுள்ள எண்ணெய் உட்புகுந்தது என்பதை வெளிப்படையாகக் கூறவேண்டும். விரைந்து சத்திரசிகிச்சை செய்யாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும்.