மண் போனாலும் கைத்தொழில் போகாது

விளைந்த மண்ணை விட்டு இடம்பெயர்ந்த நாம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்? பசறையிலும் தோட்டங்களிலும் லயமானாலும் தனிவீடானாலும் வயரிங் வேலை முறையாகத் தெரிந்தவர் தேவை.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபை இத்தொழிலைக் கற்பிக்கிறது. பயின்று தேறினால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். பாஸ்மாரிடம் வேலை பழகியவர்களும் தம் திறமையைக் காட்டித் தேறினால் அதைப் பெறலாம்.

முதற்பாடம் உயிர்ப் பாதுகாப்பு. வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் பழுதான அயன் பெட்டியைத் தொட்டால், கசியும் மின் நம் உடலினூடாகவே மண்ணுக்கு இறங்கும். 30 மில்லியம்பியர் கசிந்தாலே ட்ரிப் சுவிட்ச் விழவேண்டும். அதன் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்ப்போம். விழாவிட்டால் தேர்ந்தவரை அழைப்போம்.

அப்படி அழைக்கப்படுபவர் நம் வீட்டுப் பிள்ளையாக, மகனோ மகளோ, இருக்கட்டும்.