புகையிலை: மன்னர் தடை முதல் கடை வாசல் போர்டு வரை

மளிகைக்கடை, பெட்டிக்கடை நடத்தும் நம் உறுப்பினர்களில் பலர் பீடி, சிகரெட்டும் வைத்திருக்கிறோம். லாபம் சொற்பம்தான். ஆனால் அதை வாங்க வருபவர் கூடவே தீப்பெட்டி, வாழைப்பழம், மிட்டாய் என்று இன்னும் நாலு சாமான் வாங்குவார் என்பது கணக்கு. அரிசி பருப்புக்கு இல்லாத கெடுபிடி இந்தச் சரக்குக்கு மட்டும் ஏன் என்று கேட்கும் வணிக அன்பர்கள் அதன் கதையைத் தெரிந்து கொள்வது நல்லது.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்ற நாட்டாருக்குத் தெரிய வந்தது. போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ, 1560 வாக்கில் இதை மருந்து என்று சொல்லி பிரான்சு அரண்மனைக்கு அனுப்பினார். நிக்கோடின் என்ற பெயர் அவரால் வந்தது. நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுகீசியர். அக்பர் காலத்தில் பிஜப்பூரிலிருந்து அரண்மனைக்குப் போன புகையிலையை அவர் மகன் ஜகாங்கீர் 1617-ல் தடை செய்தார். துருக்கி சுல்தான் நான்காம் முராத் 1633-ல் மரண தண்டனையே விதித்தார். இரண்டு இடத்திலும் பழக்கம் ஒழியவில்லை. (நம் சுருட்டு என்ற சொல்லே ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று. திருச்சிச் சுருட்டு பிற்காலத்தில் லண்டன் வரை பேர் வாங்கியது.)

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் வேறு வழியில் போனார். 1604-ல் புகையிலையைத் திட்டித் தானே ஒரு சிறு நூல் எழுதினார். அதே ஆண்டு ராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்ஸாக ஏற்றினார். அதாவது 82 பென்ஸ், 41 மடங்கு! சரக்கு பின்வாசல் வழியாக வரத் தொடங்கியது. வரியை இப்படி ஏற்றினால் இதுதான் நடக்கும் என்பதை எந்த வியாபாரியும் சொல்லியிருப்பார். பிறகு வரி குறைக்கப்பட்டது. வர்ஜீனியா குடியேற்றத்தில் புகையிலை விளைந்து குவிந்தபோது, வெறுத்த மன்னரின் கஜானாவுக்கே அது வருமானம் ஆயிற்று.

முழுத் தடை நம் காலத்திலும் சோதிக்கப்பட்டது. பூட்டான் 2004 டிசம்பரில் நாடு முழுவதும் புகையிலை விற்பனையைத் தடை செய்தது. 2010-ல் சட்டத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். மறு ஆண்டு, கொஞ்சம் மெல்லும் புகையிலை வைத்திருந்த ஓர் இளம் துறவிக்கு மூன்று ஆண்டு சிறை கிடைத்தது. இவ்வளவுக்கும் பிறகு இந்திய எல்லை வழியாகக் கள்ளச் சரக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. 2020-ல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது, கடத்துகிறவர்களால் நோய் உள்ளே வரும் என்ற பயத்தில் அரசே விற்பனையைத் திறந்துவிட்டது. 2021-ல் சட்டத்தையும் திருத்தினார்கள்.

புகையிலைப் பழக்கத்தைப் பெருங்கேடாக வளர்த்தது இயந்திரம்தான். கையால் சுற்றுகிறவர் மணிக்கு 200 சிகரெட் சுற்றினாலே அதிகம். 1880-களில் அமெரிக்காவில் வந்த பான்சாக் இயந்திரம் நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 சுற்றியது. அதை வாங்கிய ஜேம்ஸ் டியூக்குக்கு உற்பத்தி கவலை இல்லை, விற்பதே கவலை. விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினார், போட்டிக் கம்பெனிகளை விழுங்கினார். அவருடைய ஏகபோகத்தை 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்தது.

1950-ல் டால், ஹில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை விசாரித்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கையும் அதையே உறுதி செய்தது. அதுவரை ஒழுக்கம், வரி என்று இருந்த பேச்சு உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. இந்தியாவில் 1975-ல் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. 2003-ல் உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கை உருவாயிற்று. மறு ஆண்டு இந்தியா அதை ஏற்றது.

அதன் பிறகு சட்டத்தின் கை கடை வரைக்கும் நீண்டது. அயர்லாந்தில் 2009 முதல் சிகரெட்டைக் கடையில் பார்வைக்கு வைக்க முடியாது. இங்கிலாந்தில் பெரிய கடைகளுக்கு 2012-லும் சிறிய கடைகளுக்கு 2015-லும் அதே விதி வந்தது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. வயது பற்றிய அறிவிப்புப் போர்டு கடையில் இருக்க வேண்டும். இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதானே என்று அலட்சியம் வேண்டாம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறுவரிடம் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்பாவுக்கு என்று சொல்லி வரும் பையனிடம் சிகரெட்டைக் கொடுத்தனுப்புவதும் இதில் அடங்கும். தெரிந்த வீட்டுப் பையன்தானே என்ற சமாதானம் அங்கே செல்லாது.

கல்லாவில் பையன் வேலைக்கு நிற்கும் கடைகளில் இதை அவனுக்கும் சொல்லி வைக்கவும். மின்சிகரெட்டை 2019 முதல் விற்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் குற்றம். படத்துடன் கூடிய எச்சரிக்கை இல்லாத வெளிநாட்டுப் பெட்டிகளை யாராவது மலிவாகக் கொண்டு வந்தால், தயாரித்தவர் எங்கோ இருப்பார். விற்றவர் என்ற முறையில் முதல் முறையே ஓராண்டு வரை சிறை நமக்குத்தான். பில் இல்லாத சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பவும்.