படகுக் கார்!

பழவேற்காட்டு மீனவரிடம் ‘படகு’ என்று சொல்லிப் பாருங்கள். வலை, துடுப்பு, இறால், நண்டு, அன்றாடச் சோறு, இவைதான் அவர் மனதில் வரும். தமிழ்நாட்டையும் ஆந்திராவையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் அந்தப் பெரிய உப்பங்கழி ஏரியில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் என்று எந்தக் குப்பத்துக்குப் போனாலும் படகு இல்லாமல் பிழைப்பு இல்லை.

ஆனால் அங்கிருந்து சுமார் 55 கிலோ மீட்டர் தெற்கே, சென்னைப் பட்டணத்தில் ஒரு காலத்தில் ‘படகு’ தார் ரோட்டிலே ஓடியது!

ஆமாம். பிளைமவுத், டாட்ஜ், செவர்லே, பியூக் என்ற அமெரிக்கக் கார்களுக்கு நம் ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் ‘படகுக் கார்’. கிராமங்களில் எந்தக் காரையும் ‘பிளசர்’ என்று சொன்ன காலம் அது. அந்தப் பிளசர்களிலேயே பெரியது படகுக் கார்.

பெயர் பொருத்தமானதுதான். அகலமான உடம்பு, நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட வால். 1959-ம் ஆண்டு காடிலாக் காரின் நீளம் ஏறக்குறைய பதினெட்டே முக்கால் அடி. நம் ஊர் அம்பாசிடரோ பதினாலு அடி சொச்சம்தான். அந்தக் கார்களின் வில்களும் மெத்தென்று இருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறினால், அலையில் ஏறி இறங்கும் படகைப் போல ஆடி அசைந்து போகும்.

எப்படி வந்தன?

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. போர்டு கம்பெனியும் இந்தியாவில் கடை விரித்தது. சுதந்திரம் வந்த சமயத்தில் பிரிமியர் கம்பெனி டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் வண்டிகளைப் பூட்டியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டியது.

1953-ல் அரசாங்கம் ஒரு கண்டிப்பான முடிவு எடுத்தது. ‘பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும்’ என்றது. இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. அதற்குப் பிறகு அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றின் ராஜ்யம்தான். வெளிநாட்டுக் காருக்குத் தீர்வையோ தலைக்கு மேலே! பெரிய பணக்காரர்கள், சினிமாக்காரர்கள் வீட்டு வாசல்களில் மட்டுமே படகுக் கார் நின்றது.

பாறை மேல் கார்!

அமெரிக்காவில் அப்போது என்ன நடந்தது? அங்கே வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துவிட்டது. கார் கம்பெனிகள் அதில் பணத்தை வாரி இறைத்தன. டினா ஷோர் என்ற பாடகி செவர்லே காருக்காகப் பாடி, முடிவில் நேயர்களுக்குக் கையாலேயே ஒரு முத்தத்தைப் பறக்க விடுவார். நாடே மயங்கியது.

1964-ம் வருடத்து இம்பாலா காருக்காக எடுத்த விளம்பரத்தைக் கேளுங்கள். யூடா மாகாணத்தில் சுமார் 400 அடி உயரத்தில் ஒரு செங்குத்துப் பாறை. ஆடு கூட ஏற முடியாது. காரைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஹெலிகாப்டரில் தூக்கிக் கொண்டுபோய் உச்சியில் பூட்டினார்கள். ஓர் அழகியையும் அங்கே இறக்கிவிட்டார்கள். படம் பிடித்து முடிந்தது. அதற்குள் காற்று வலுத்துவிட்டது. ஹெலிகாப்டரால் உடனே திரும்பி வர முடியவில்லை. பாவம், காரும் அந்தப் பெண்ணும் உச்சியில்!

எல்லா விளம்பரமும் பலித்துவிடவில்லை. ஹென்றி போர்டின் மகன் எட்செல் பெயரில் 1957-ல் ஒரு கார் வந்தது. அதற்காக டெலிவிஷனில் பிங் கிராஸ்பி, பிராங்க் சினாட்ரா முதலிய பெரிய பாடகர்களைக் கூட்டி ஒரு மணி நேரக் கச்சேரியே நடத்தினார்கள். ஜனங்கள் கச்சேரியை ரசித்தார்கள், காரை வாங்கவில்லை! 1959-லேயே அதன் உற்பத்தி நின்றது.

நமக்கு விளம்பரம் சினிமாதான்

சென்னையில் டெலிவிஷன் நிலையம் வந்ததே 1975 ஆகஸ்டு 15-ந்தேதிதான். தூர்தர்ஷனில் விளம்பரம் 1976-ல் தொடங்கியது. அதற்குள் படகுக் கார்களின் காலம் முடிந்துவிட்டது. 1973-ல் பெட்ரோல் விலை எகிறியபோது, ஒரு கேலனுக்குப் பத்துப் பதினைந்து மைல் மட்டும் ஓடும் வண்டிக்கு யார் தீனி போடுவது? விளம்பரத்தில் அந்தக் கணக்கை எவரும் பாடிக் காட்டவில்லை.

ஆகவே நம் ஜனங்கள் அந்தக் கார்களை ஆசை தீரப் பார்த்தது டூரிங் டாக்கீசில்தான். மணல் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், பணக்கார அப்பா படகுக் காரில் வந்து இறங்குவார். கதாநாயகனும் கதாநாயகியும் மேல் மூடி இல்லாத காரில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். வேடிக்கை என்னவென்றால், இம்பாலா பாறை மேல் நின்ற அதே 1964-ல்தான் எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த ‘படகோட்டி’யும் வெளிவந்தது. பட்டணத்துக்காரர்கள் திரையில் படகைப் பார்த்து ரசித்தார்கள். குப்பத்துக்காரர்களுக்குப் படகு புதிதா? அவர்களுக்கு அதிசயம் கார்தான்.

இன்று அந்தக் கார்களைத் தேய்த்துத் துடைத்து, பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். சென்னை வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023-ல் திறந்த காட்சிசாலையில் பழைய கார்களைப் பார்க்கலாம். கோவையிலும் ஜி.டி. நாயுடு பெயர் சொல்லும் கார் காட்சிசாலை இருக்கிறது. தாத்தாக்கள் பேரப் பிள்ளைகளுக்குக் காட்டும் கார்களில் பெரும்பாலானவை அவர்கள் ஒருநாளும் ஏறி உட்காராத கார்கள்!

நிஜப் படகுக்கு அந்த யோகம் இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் பைபர் படகுகள் பெருகின. உழைத்துத் தேய்ந்த மரப் படகு கரையிலே கிடந்து மக்கும். இல்லாவிட்டால் அடுப்புக்குப் போகும். அதற்கு மெருகு போட்டு நுழைவுச்சீட்டு விற்பவர் அபூர்வம்.

அந்தப் பழைய அமெரிக்க விளம்பரங்களை இன்று ஏரிக்கரையில் உட்கார்ந்தே கைப்பேசியில் பார்த்துவிடலாம். பாறை உச்சியில் இம்பாலா பளபளவென்று நிற்கும். ஆனால் பழவேற்காட்டு மீனவர் ஒருவர் அதைப் பார்த்தால், முதலில் காரைப் பற்றிப் பேச மாட்டார். “இந்தக் காத்துல அந்தப் பொண்ண எப்படிய்யா கீழ எறக்குனாங்க?” என்றுதான் கேட்பார்.