சீசன் முடிந்தால்தான் இங்கே விருந்து! - மயோர்க்கா தீவின் குளிர்கால முகம்

ஜனவரி 16-ம் தேதி இரவு. நம் ஊரில் பொங்கல் பானையின் சூடு இன்னும் ஆறியிருக்காது. அதே இரவில், மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான மயோர்க்கா தீவின் சா போப்லா என்ற சிற்றூரில், தெருவுக்குத் தெரு விறகு அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். கொம்பு வைத்த பிசாசு வேடக்காரர்கள் கூட்டத்துக்குள் புகுந்து குதிக்கிறார்கள். நெருப்பைச் சுற்றி அக்கம்பக்கத்து வீட்டார் கூடி நின்று கறி சுடுகிறார்கள்.

ஒரு பக்கம் 'உர்ர்... உர்ர்...' என்று ஒரு சத்தம். மண்பானையின் வாயில் தோலைக் கட்டி, நடுவில் குச்சி செருகிய 'ஷிம்போம்பா' என்ற வாத்தியம் அது. ஈரக் கையால் குச்சியைத் தேய்த்தால் பானை உறுமும். அந்த உறுமலுக்கு ஏற்ப ஒருவர் கேலிப்பாட்டு எடுத்துவிட, எதிரில் இருப்பவர் எசப்பாட்டில் பதில் கொடுக்கிறார்.

இது வனத்து அந்தோணியார் திருவிழா. அவர்தான் ஆடு மாடுகளுக்குக் காவலர். மறுநாள் 17-ம் தேதி நாய், குதிரை, ஆடு, கூண்டுக்கிளி என வீட்டில் இருக்கும் எல்லா உயிர்களையும் கூட்டிவந்து ஆசி வாங்குவார்கள். போகியும் மாட்டுப் பொங்கலும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததைப் போல இருக்கும்.

பீச்சும் பார்ட்டியுமாக உலகம் அறிந்த தீவுதான் மயோர்க்கா. ஆனால், தீவுக்காரர்கள் தங்களுக்காகக் கொண்டாடுவது இந்தக் குளிர்காலத்தில்தான்.

12 லட்சம் பேர்... 1.87 கோடி விருந்தாளிகள்!

மயோர்க்காவும் அதன் தங்கைத் தீவுகளும் சேர்ந்ததுதான் பலேரிக் தீவுக்கூட்டம். மொத்த மக்கள்தொகை சுமார் 12 லட்சம். 2024-ம் ஆண்டில் மட்டும் இங்கே வந்துபோன சுற்றுலாப் பயணிகள் சுமார் 1.87 கோடி. அதில் பெரும்பங்கு மயோர்க்காவுக்கு. அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரையிலான ஆறு மாதங்களில்.

குற்றாலத்திலும் ஊட்டியிலும் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். சீசனில் சொந்த ஊரிலேயே நடக்க இடம் இருக்காது. சீசன் முடிந்த மறுவாரம், 'அப்பாடா' என்று ஊர் மூச்சு விடும்.

மயோர்க்காவில் அந்த 'அப்பாடா' நவம்பரில் வருகிறது. மகலூஃப் போன்ற கடற்கரைப் பகுதிகளில் பெரும்பாலான ஓட்டல்கள் ஷட்டரை இறக்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பஸ்களும் குறையும். முதல்முறை வருகிறவர்கள் செய்யும் தவறு, விலை குறைவு என்று இங்கே ரூம் போடுவதுதான். சாப்பிடக்கூட ஆளில்லாத தெருவில் மாட்டிக்கொண்டு, 'தீவே செத்துக்கிடக்கிறது' என்று திரும்பிப்போவார்கள்.

தீவு தூங்கவில்லை. உள்ளே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தலைநகர் பால்மா, உள்நாட்டு ஊரான இன்கா, மலையடிவார ஊர்களான சோயெர், பொயென்சா ஆகியவற்றில் கடைகள் வழக்கம்போல் திறந்திருக்கும். பகலில் 15 டிகிரி வாக்கில் இதமான வெயில். இரவில் மட்டும் ஸ்வெட்டர் அவசியம்.

மாதம் ஒரு பலகாரம்!

இந்தத் தீவின் குளிர்காலத்தை காலண்டரே இல்லாமல் பலகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அக்டோபர் கடைசியில் 'புன்யோல்ஸ்' வந்துவிடும். எண்ணெயில் பொரித்து, சர்க்கரை தூவிய, நடுவில் ஓட்டை போட்ட பலகாரம். மாவில் உருளைக்கிழங்கோ சர்க்கரைவள்ளியோ சேர்ப்பது உண்டு. பார்த்தால் நம் மெதுவடையின் இனிப்புத் தம்பி. முன்பெல்லாம் அக்டோபர் 20-ம் தேதி இரவு இளைஞர்கள் பெண் வீட்டு வாசலில் நின்று பாடுவார்களாம். பாட்டுக்குப் பரிசு, தட்டு நிறைய புன்யோல்ஸ்.

நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாயால் கோத்த ஜெபமாலை கொடுப்பது வழக்கம். நவம்பர் நடுவில் இன்கா ஊரில் 'தீஜோஸ் போ' சந்தை. 'நல்ல வியாழன்' என்று பொருள். தீவின் மிகப்பெரிய சந்தை இது. கால்நடை முதல் கைவினைப் பொருள் வரை எல்லாம் வரும்.

டிசம்பர் 24 இரவு, தேவாலயங்களில் 'சிபில்லா' பாட்டு. கையில் வாளை நிமிர்த்திப் பிடித்தபடி ஒரு குழந்தை, துணை வாத்தியம் அதிகம் இல்லாமல், உலக முடிவைப் பற்றிய பழைய பாடலைப் பாடும். 2010-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட வழக்கம் இது. பாட்டு முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கெட்டியான சூடான சாக்லேட் குடிக்கப் போவார்கள். தொட்டுக்கொள்ள, சுருள் சுருளான 'என்சைமாதா' பன்.

ஜனவரி 19 இரவு பால்மா நகரத்தின் முறை. காவல் புனிதரான செபஸ்தியாருக்கு விழா. சதுக்கங்களில் மேடைக் கச்சேரி. ஒருபக்கம் கணகணவென்று அடுப்பு. தொத்திறைச்சியையும் ரொட்டியையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்து பொது அடுப்பில் சுட்டுச் சாப்பிடலாம். பக்கத்தில் நிற்பவர் யார் என்றே தெரியாது. ஆனாலும் ஒரு துண்டு கைமாறும்.

ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பாதாம் மரங்கள் பூக்கும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, விவசாயிகள் பாதாமுக்கு மாறினார்கள். 2016-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாக்டீரியா நோய் அந்தப் பாதாம் மரங்களையும் இப்போது பட்டுப்போக வைக்கிறது. வெள்ளைப் பூக்களுக்கு நடுவே காய்ந்த மரங்களும் நிற்கும். மாவே சேர்க்காமல் பாதாமை அரைத்துச் செய்யும் 'கதோ' கேக்கைச் சாப்பிடும்போது, அது எவ்வளவு அருமையான பொருள் என்பது உறைக்கும்.

சூப் என்பார்கள்... குடிக்க முடியாது!

திருவிழா இல்லாத நாளில் என்ன சாப்பிடுவது? இன்காவில் 'செயெர்' எனப்படும் பழைய உணவகங்கள் உண்டு. ஒருகாலத்தில் ஒயின் சேமித்துவைத்த கிடங்குகள். சுவர் ஓரமாக ஆள் உயர மர பீப்பாய்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே 'சோப்பஸ்' கேளுங்கள். பெயர் சூப்தான். ஆனால் கரண்டி போட்டுக் குடிக்க முடியாது. மெல்லிய ரொட்டித் துண்டுகள் முட்டைக்கோஸ் சாற்றை மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு, உதிரி உப்புமா போல மண் சட்டியில் வரும்.

வீட்டுச் சாப்பாடு என்றால் 'பாம்போலி'. ரொட்டியின் மேல் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவினால் முடிந்தது. இதற்கென்றே ஒரு சின்னத் தக்காளி ரகம் இருக்கிறது. கோடையில் பறித்து, நூலில் கோத்துக் கொத்தாகத் தொங்கவிட்டால், குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருக்கும். கடைவாசலில் அந்தச் சிவப்புச் சரம் தொங்கினால், உள்ளே நல்ல பாம்போலி கிடைக்கும் என்று நம்பிப் போகலாம்.

புதன்கிழமை என்றால் சினேவ் ஊருக்குப் போகலாம். 1306-ம் ஆண்டு அரசர் அனுமதி கொடுத்த வாரச் சந்தை இன்றும் அங்கே கூடுகிறது. செவ்வாய் மாலை என்றால் பால்மாவின் பழைய நகரம். மந்தமான வார நாளில் கூட்டம் சேர்க்க, பல பார்கள் சேர்ந்து ஒரு வழக்கத்தை வைத்திருக்கின்றன. சின்ன கிளாஸ் பானமும் ஒரு சிறுதீனியும் சேர்த்துக் குறைந்த விலை. ஒரு கடையில் ஒரு வாய், அடுத்த கடையில் அடுத்த வாய். நின்றபடியே சாப்பிடுவதால், பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் இருக்கவே முடியாது.

சைவக்காரர்களும் பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்சைமாதா பார்க்க அப்பாவி பன் போல இருக்கும். ஆனால், அதன் பெயரே 'சயீம்' என்ற பன்றிக்கொழுப்பிலிருந்து வந்தது. தீவின் புகழ்பெற்ற 'சோப்ரசாதா' பன்றி இறைச்சியில் மிளகாய்ப்பொடி கலந்த தொத்திறைச்சி. காய்கறி சோப்பஸில்கூட இறைச்சி ஒளிந்திருக்கலாம். கேட்டுச் சாப்பிடுங்கள். கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாயைப் பொரித்து அடுக்கி, தக்காளிக் குழம்பு ஊற்றிய 'தும்பெத்' சைவர்களுக்கு நல்ல துணை.

ஊரோடு ஒட்டாத பிரபலங்கள்!

சீசன் இல்லாத நேரத்தில் இங்கே வந்த விருந்தாளிகளில் மிகப் பிரபலமானவர்கள் இசைமேதை ஷோபனும் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும். 1838 நவம்பரில் சாண்டின் இரண்டு பிள்ளைகளோடு வந்து, வல்டெமோசா மலையூரின் மடத்தில் தங்கினார்கள். விடாத மழை, குளிர். ஷோபனுக்கு ஓயாத இருமல். காசநோய் என்ற பயத்தில் ஊரார் ஒதுங்கினார்கள். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்ததும், தேவாலயப் பக்கம் போகாததும் விலகலை அதிகமாக்கின. 1839 பிப்ரவரியில் கிளம்பிவிட்டார்கள்.

பிறகு அந்தக் குளிர்காலத்தைப் பற்றி சாண்ட் ஒரு புத்தகம் எழுதினார். மலையையும் கடலையும் ரசித்து எழுதியவர், மக்களை மட்டும் கடுமையாகச் சாடினார். வேடிக்கை என்னவென்றால், அதே புத்தகம் பல மொழிகளில் இன்று வல்டெமோசா கடைகளிலேயே விற்கிறது! இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால், இயற்கையை மட்டும் பார்த்துவிட்டு மனிதர்களைத் தாண்டிப் போனால் ஓர் ஊர் எப்படிக் கசக்கும் என்பதற்கு அந்தக் குளிர்காலமே சாட்சி.

இந்த அமைதிக்கும் ஆபத்தா?

குளிர்கால மயோர்க்கா வெறும் ஆனந்தம் மட்டும் அல்ல. ஓட்டல் பணியாளர்கள், சமையல்காரர்கள், அறை துப்புரவு செய்யும் பெண்கள் எனப் பலருக்கும் இங்கே சீசன் வேலைதான். நிரந்தர ஊழியர் என்ற உரிமை உண்டு. ஆனால், சீசனில் மட்டும் கூப்பிடுவார்கள். மீதி மாதங்கள் அரசு உதவித்தொகையில் ஓட வேண்டும். வீடுகள் பயணிகளுக்கான வாடகை வீடுகளாக மாறியதில், உள்ளூர்க்காரர்களின் வாடகை எங்கோ போய்விட்டது. வேலை இருந்தும் வேனில் குடியிருப்பவர்கள் உண்டு. 2024 கோடையில் ஆயிரக்கணக்கானோர் பால்மா தெருக்களில் இறங்கி, கட்டுமீறிய சுற்றுலாவுக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள்.

'கூட்டத்தைக் குளிர்காலத்துக்கும் பிரித்துவிட்டால் என்ன? வருடம் முழுக்க வேலையும் கிடைக்குமே' என்பது ஒரு தரப்பு. பயணிகளிடம் தங்கும் இரவுக்கு வசூலிக்கும் சுற்றுலா வரி குளிர்காலத்தில் குறைவாக இருப்பதும் இதற்கு உதவும். 'கோடைக்கூட்டம் குறையவில்லையே. எங்களுக்கென்று மிஞ்சியிருந்த மாதங்களும் போனால், நாங்கள் எப்போது மூச்சு விடுவது?' என்பது மறுதரப்பு. இரண்டுமே ஒரே வீட்டுக்குள் கேட்கக்கூடிய குரல்கள். வேலை தேடும் மகளும், தெருவில் நாற்காலி போட்டு உட்கார இடம் தேடும் அப்பாவும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அந்த ஊர் தனக்காக ஒதுக்கிவைத்திருக்கும் நேரத்துக்குள் நாம் நுழைகிறோம்.

விருந்தாளி செய்ய வேண்டியது

இந்தியாவிலிருந்து போக ஷெங்கன் விசா வேண்டும். ஏதாவது ஓர் ஐரோப்பிய நகரம் வழியாக பால்மாவுக்கு விமானம் மாறலாம். தங்குவதற்கு, குடியிருப்பு வீட்டைவிட முறையான ஓட்டல் அல்லது விடுதி நல்லது. ஒரு வீடு ஊர்க்காரருக்கு மிஞ்சும். மதியச் சாப்பாடு 2 மணி, இரவுச் சாப்பாடு 9 மணி என்பது அவர்கள் கணக்கு. வார நாள் மதியத்தில் முதல் உணவு, முக்கிய உணவு, இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலையில் தருவார்கள். உள்ளூர்த் தொழிலாளர்கள் சாப்பிடும் சாப்பாடு அது.

கடைக்குள் நுழைந்ததும் 'போன் தியா' என்று காலை வணக்கம் சொல்லுங்கள். ஸ்பானிஷ் அல்ல, அவர்கள் வீட்டு மொழி. திருவிழா நாளில் இன்னொரு வாழ்த்து உண்டு. 'மோல்ஸ் தான்ஸ்!' பல ஆண்டு வாழ்க என்று பொருள்.

சா போப்லாவில் நள்ளிரவு தாண்டியும் தீ எரிந்துகொண்டிருக்கும். அந்த ஊரின் அடையாளமான 'எஸ்பினகாதா' கைமாறி வரும். பக்கத்துச் சதுப்புநிலத்து விலாங்கு மீனையும் கீரையையும் காரமாகக் கலந்து, மாவில் பொதிந்து சுட்ட பலகாரம். யாராவது ஒரு துண்டை நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாக்குக்கே கொஞ்சம் உறைக்கும். பதிலுக்குச் சொல்ல, அந்த ஒரு வாழ்த்து போதும்.