பழவேற்காடு போட்டோ போனிலேயே தூங்குதா? புக் ஆக்கலாம்!

பழவேற்காடு போனா பூநாரையை க்ளிக்கி ஸ்டோரி போடுவோம். 24 மணி நேரத்துல அது காணாமப் போயிடும். புத்தகமானா நிக்கும்!

பதிப்பாளருக்காகக் காத்திருக்க வேண்டாம். சோஹ்ராப் ஹுரா தானே வெளியிட்ட 'தி கோஸ்ட்', 2019-ல் பாரிஸ் போட்டோ - அபர்ச்சர் விருதில் ஆண்டின் சிறந்த போட்டோ புக் ஆனது. அதுவும் இந்தியக் கடற்கரைப் படங்கள்தான்.

எப்படிச் செய்வது?

* ஏரி முழுவதும் வேண்டாம். கையால் இறால் தடவும் பெண்கள் என ஒரே விஷயத்தை எடுங்க.
* நடுவில் பின் அடிக்கும் புத்தகமா? பக்கங்கள் நான்கின் மடங்கில் வரணும்.
* 50 பிரதி போதும்னா டிஜிட்டல் பிரின்ட்.
* ஐ.எஸ்.பி.என் எண் இந்தியாவில் இலவசம்.

முக்கியமா, அச்சுக்குப் போகும் முன் படத்தில் இருக்கிறவங்ககிட்ட காட்டுங்க. 'இது வேணாம்பா'ன்னு சொன்னா எடுத்துடுங்க. அது அவங்க முகம், அவங்க பிழைப்பு. முதல் பிரதியும் அவங்க வீட்டுக்குத்தான்!