டிஸ்க் மாறும், லைசென்ஸ் மாறுமா?

பழைய கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதிய மதர்போர்டில் மாட்டினால், விண்டோஸ் 10, 11 இரண்டுமே பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும். புதிய டிரைவர்களையும் தானே தேடிக்கொள்ளும். எக்ஸ்பி காலத்து நீலத்திரை இப்போது அபூர்வம். அந்த நிம்மதியில்தான் சிக்கல் இருக்கிறது. ஆக்டிவேஷன் முறைக்கு மதர்போர்டுதான் முக்கிய அடையாளம். போர்டு மாறினால் அதற்கு அது வேறொரு கம்ப்யூட்டர். எனவே டிஸ்க்கோடு லைசென்ஸும் வருமா என்பது நீங்கள் வாங்கியது எந்த வகை என்பதைப் பொறுத்தது. தனியாக விலை கொடுத்து வாங்கும் ரீடெய்ல் லைசென்ஸை, பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு, புதியதில் போட்டுக்கொள்ளலாம். லேப்டாப்பில் கம்பெனியே போட்டுத் தரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்தக் கருவியோடு முடிந்துவிடும். பழுதான போர்டை வாரண்டியில் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் மட்டும் விலக்கு உண்டு. எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ என்ற கட்டளை உங்களுடையது எந்த வகை என்று காட்டிவிடும்.

காசு கொடுத்து வாங்கிய பொருளை எங்கே மாட்டினால் மைக்ரோசாஃப்டுக்கு என்ன என்ற கேள்வி நியாயமானதே. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில், நிரந்தர உரிமத்தோடு விற்ற மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்வதைத் தயாரிப்பாளர் தடுக்க முடியாது என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. இங்கே கையில் இருக்கும் ஆயுதம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தர மறுப்பதும், பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் அதன்படி முறையற்ற வணிகம். ஆகவே, அசெம்பிள் செய்யும் கடையில் லைசென்ஸ் வகையைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

லைசென்ஸ் போனால் பணம்தான் போகும். பிட்லாக்கர் சாவி போனால் குடும்பப் படங்கள் முதல் கணக்கு வழக்கு வரை எல்லாம் போகும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் அந்தச் சாவி, பழைய கம்ப்யூட்டரில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் காவலில் இருக்கிறது. போர்டு மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைத் திரை கேட்கும். நான் பூட்டவே இல்லையே என்பார்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கம்ப்யூட்டர்களில் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எங்குமே இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது. திருப்புளியை எடுக்கும் முன் சாவியைக் காகிதத்தில் எழுதி, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி, கோப்புகளுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். ரீடெய்ல் லைசென்ஸ் என்றால், அது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இணைந்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்துப் பழுதுநீக்கியில் வன்பொருள் மாறியதைச் சொல்லி மீட்கலாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் தொல்லை இல்லையே என்பவர்கள் உண்டு. டிரைவர் குழப்பத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் ஓஇஎம் லைசென்ஸை அது ரீடெய்லாக மாற்றாது. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸும் திரை மூலையில் எழுத்தோடு ஓடத்தான் செய்யும். அந்த எழுத்தைப் போக்க ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுக் கிராக் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள். அந்த நிரலோடு வேறு என்னென்ன உள்ளே நுழைகிறது என்று அவருக்கே தெரியாது.